ஆர்ட்டரியா வெயினா என்று கேட்காத கே55.0

நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து நோய்க்கு எண் போடுகிற மெடிக்கல் கோடிங்கில், அவுட்பேஷன்ட்டிலிருந்து ஐபி-க்கு (ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்கள்) மாறப்போகிற தோழி ஒருத்தி கேட்டாள்: "குடல் இஸ்கீமியா சார்ட் வந்தாலே ஏன் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறீங்க? புத்தகத்துல பார்த்தா கோடு தெளிவாத்தானே இருக்கு?" இஸ்கீமியா என்றால் ரத்த ஓட்டம் குறைவது; சார்ட் என்றால் நோயாளியின் மருத்துவக் கோப்பு. போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன். அமெரிக்க சார்ட்டுகளை ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்குறியீட்டுப் பட்டியலில் கோடு செய்கிறவர்களுக்கான அனுபவம் இது. அடிப்படை எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபரில் ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்தபோது, திடீரென வரும் குடல் ரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான கே55.0 ஒரே கோடு. ரத்த ஓட்டம் குறைந்து பிறகு தேறிய குடலும், அழுகி வெட்டியெடுத்த குடலும் அந்த ஒரே எண்ணுக்குள் கிடந்தன. 2016 அக்டோபர் 1 முதல் அதை 18 கோடாகப் பிரித்தார்கள். சிறுகுடலா பெருங்குடலா, மீளக்கூடிய இஸ்கீமியாவா இன்ஃபார்க்‌ஷனா (திசு செத்துப்போவது) என்று பிரித்ததில் எனக்குக் குறையே இல்லை. சர்ஜன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதும் அதைத்தானே. நல்ல ஆப் நோட் (ஆபரேஷன் குறிப்பு) ஒன்றைப் படித்தால் புரியும்: சிறுகுடல் கருநீலமாக இருந்தது, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருந்தோம், நிறம் திரும்பியது, அசைவும் தெரிந்தது, வெட்டவில்லை; மீளக்கூடிய இஸ்கீமியா. இப்படி ஒரு நோட் கிடைத்தால் கே55.01- கையில் வந்து உட்காரும். அன்றைக்கு வேலையே இனிக்கும்.

ஆனால் அந்த ஆறாவது எழுத்து! ஃபோகலா (ஓரிடத்தில் மட்டும்), டிஃப்யூஸா (பரவலாக), அளவு குறிப்பிடப்படவில்லையா என்று கேட்கிறது. டாக்டர்கள் அதை எழுதுவதே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். எத்தனை சென்டிமீட்டர் வெட்டினோம் என்று எழுதுவார்கள், எந்த இடத்தில் இணைத்தோம் என்று எழுதுவார்கள், "டிஃப்யூஸ்" என்ற சொல் மட்டும் வராது. இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் போனால் டிஃப்யூஸ் என்று கோடு புத்தகத்திலும் வரையறை இல்லை. ஆகவே கடைசி எழுத்து 9, அதாவது அளவு குறிப்பிடப்படவில்லை. மறுநாள் ஆடிட்டில், "இன்னும் ஸ்பெசிஃபிக்காகப் போட்டிருக்கலாமே" என்று ஒரு குறிப்பு வரும். யார் எழுதினால் நான் போடுவது?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ரத்தம் எங்கே நின்றது என்று கே55.0 கேட்பதே இல்லை, அதுதான் ஆறவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறாகத் துடிப்பது) உள்ளவருக்கு இதயத்திலிருந்து ரத்தக்கட்டி பறந்துவந்து, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சுபீரியர் மெசென்டரிக் ஆர்ட்டரியை (தமனி) அடைத்தால் கட்டியை எடுக்க ஓடுவார்கள். வெயினில் (சிரை) ரத்தம் உறைந்திருந்தால் பெரும்பாலும் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினில்தான் தொடங்குவார்கள். ஐசியூவில் பிரஷர் இறங்கி, பிரஷரை ஏற்றும் வாசோப்ரெஸர் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அடைப்பே இல்லாமல் குடல் வாடினால் வைத்தியம் வேறு. இந்த வித்தியாசம் டாக்டர் நோட்டில் முதல் வரியிலேயே இருக்கும். நோட்டில் இருப்பதைக் கோடு கேட்காது. கோடு கேட்பது நோட்டில் இருக்காது.

கோடு புத்தகத்தின் இன்டெக்ஸைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. மெசென்டரிக் த்ராம்போசிஸ் (குடலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது) என்று தேடினால் "இன்ஃபார்க்ட், இன்டெஸ்டைன் பக்கமும் பார்" என்று சொல்லி கே55.069-ல் கொண்டுபோய் விடுகிறது. சிடி-யில் ரத்தக்கட்டி மட்டும் தெரிந்து, குடலுக்கு ஒன்றும் ஆகாமல், மருந்தோடு ஆள் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். கோடில் அவர் குடல் செத்துப்போயிருக்கும். இதோடு, நாள்பட்ட குடல் ரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கான கே55.1-ல் சுபீரியர் மெசென்டரிக் ஆர்ட்டரி சிண்ட்ரோமும் குடியிருக்கிறது. அதில் ஆர்ட்டரி டுவோடினத்தை (சிறுகுடலின் தொடக்கம்) நசுக்குகிறதே தவிர, குடலுக்கு ரத்தம் குறைவதில்லை. பெயரில் ஆர்ட்டரி இருந்ததால் உள்ளே விட்டுவிட்டார்களோ என்னவோ.

அடுத்தது "அக்யூட்" (திடீரென வந்தது) என்ற ஒற்றைச் சொல். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் "இஸ்கீமிக் கொலைட்டிஸ்" (ரத்தம் குறைந்து பெருங்குடல் அழற்சி) என்றிருந்தால், வகை குறிப்பிடாத கே55.9. முன்னால் அக்யூட் சேர்ந்தால் கே55.039. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீர் வயிற்றுவலியோடும் ரத்தப்போக்கோடும் எமர்ஜென்சிக்கு வந்திருப்பார், லாக்டேட் ஏறியிருக்கும், பயாப்சியும் அதையே சொல்லும். இருந்தாலும் அந்தச் சொல்லை நாமாகச் சேர்க்க முடியாது. ஐபி-யில் பேத்தாலஜி ரிப்போர்ட்டையோ சிடி ரிப்போர்ட்டையோ மட்டும் வைத்து டயக்னோசிஸ் போடக்கூடாது. சிகிச்சை தந்த டாக்டர் சொல்லவேண்டும். சேர்க்க முடியாததில் நியாயமும் இருக்கிறது. கே55.0 கோடுகள் செகண்டரி டயக்னோசிஸாக வந்தால் எம்சிசி, அதாவது பெரிய கூடுதல் நோய். டிஆர்ஜி (ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் தொகுப்பு) மாறும், பணம் மாறும். கோடர் கை அந்தப் பக்கம் நீளக்கூடாது.

ஆகவே க்யூரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் ஒரு கேள்வி. எந்தப் பக்கமும் சாய்க்காமல், க்ளினிக்கல் விவரங்களை வரிசையாக வைத்து, அக்யூட் மீளக்கூடிய இஸ்கீமியா, அக்யூட் இன்ஃபார்க்‌ஷன், க்ரானிக், வேறு, தீர்மானிக்க முடியவில்லை என்று ஐந்து விருப்பங்கள் கொடுத்து இன்று ஒன்று அனுப்பினேன். பதில் வந்தது: "ஒப்புக்கொள்கிறேன்." எதை ஒப்புக்கொள்கிறார்?

டாக்டரைத் திட்டவும் மனம் வரவில்லை. இந்த நோயில் நேரம் தப்பினால் குடல் போய்விடும், சில நேரம் ஆளே போய்விடுவார். அந்த அவசரத்தில் ஆறாவது எழுத்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கே55.0-க்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்றால், இரண்டு. இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டா என்றால், ஆமாம், இரண்டுதான். ஆறாவது எழுத்தைப் பிடுங்கிவிட்டு ஆர்ட்டரி, வெயின், அடைப்பில்லாதது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் நான்கு தருவேன்.

தோழிக்கு ஒரு வார்த்தை: அவுட்பேஷன்ட்டில் "ப்ராபபிள்" (இருக்கக்கூடும்) என்றிருந்தால் தொடாமல் விட்டுப் பழகியிருப்பாய். ஐபி டிஸ்சார்ஜ் சம்மரியில் "ப்ராபபிள் அக்யூட் பவல் இஸ்கீமியா" என்று முடிவாக எழுதியிருந்தால், இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோடு போடலாம். சம்மரியைப் படித்த கையோடு ஆப் நோட்டையும் திற. இரண்டும் முரண்பட்டால் நீயாகத் தீர்க்காதே, அட்டெண்டிங் டாக்டருக்குக் க்யூரி போடு. பெட்டியில் டிக் செய்கிற மாதிரி போடு.