ஆஃப் சீசன்ல மீன் குஞ்சு விடுறதா, வரத்துக்கால் வெட்டுறதா? ரெண்டையும் செஞ்சு பாத்தாச்சு

பங்குனி பொறந்தா எங்க தூண்டில் குரூப்புக்கு சீசன் முடிஞ்சிரும். மேலூர் பக்கம் கண்மாய் எல்லாம் வத்த ஆரம்பிச்சு, ஊர்ல மீன்பிடித் திருவிழா போட்டு, ஊத்தாவத் தூக்கிக்கிட்டு சனம் எறங்கிட்டா, அதுக்கப்புறம் ஐப்பசி மழை வரைக்கும் ராடு ரீல் எல்லாம் பரண்லதான். இந்த ஆறேழு மாசம் நாங்க 14 பேரும் மீனுக்கு உருப்படியா என்ன செய்யலாம்னு வருசா வருசம் பேச்சு வரும். மொத ரெண்டு வருசம் குஞ்சு வாங்கி மழைக்கப்புறம் விட காசு சேத்தோம். போன வருசம் அத நிப்பாட்டிட்டு, கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால சுத்தம் பண்ண எறங்குனோம். நான் இப்ப முழுசா வரத்துக்கால் கட்சி, மொதல்லயே சொல்லிர்றேன். ரீலப் பிரிச்சு கிரீஸ் போடுறதெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை, அத விட்ருங்க.

குஞ்சு விடுறதுல ஒரு சந்தோசம் இருக்கு, இல்லேங்கல. ஆக்ஸிஜன் அடைச்ச பாலிதீன் பைய அப்படியே கால் மணி நேரம் கண்மாயில மெதக்க விட்டு, ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுக்கு வந்ததும் வாய அவுத்தா, விரல் நீளக் குஞ்சு ஒண்ணு ரெண்டா தயங்கித் தயங்கி வெளிய வந்து அப்புறம் மொத்தமா ஒரு சுழட்டு சுழட்டிட்டு மறையும். கரையில நின்ன சின்னப் பயலுக கை தட்டுனாங்க. அரை நாள்ல வேலை முடிஞ்சிரும், ஆளும் நெறைய வருவாங்க.

ஆனா நாங்க விட்டது கட்லா, ரோகு, மிர்கால். இதுக மூணும் ஆத்து மீனு, வெள்ளம் ஓடுற எடத்துலதான் முட்டை போடும், கண்மாய் மாதிரி நின்ன தண்ணியில நல்லா வளரும், ஆனா பெருகாது. 1957-ல ஹீராலால் சவுத்ரி மீனோட மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியோட சாற ஊசியாப் போட்டு இந்த மாதிரி ஆத்துக் கெண்டை இனத்த முட்டை போட வெச்சாரு, அதுக்கப்புறந்தான் பண்ணையில குஞ்சு எடுக்கிறதே கைகூடுச்சு, அந்த ஜூலை 10-ஐத்தான் இன்னிக்கும் மீன் வளர்ப்போர் தினம்னு கொண்டாடுறாங்க. அப்ப நமக்கு என்ன ஆகுதுன்னா, இந்த வருசம் விட்டத அடுத்த வருசமும் காசு போட்டு வாங்கணும், அதுக்கடுத்த வருசமும் வாங்கணும், ஒரு வருசம் வாங்காம இருந்தா ஒண்ணும் இருக்காது. திருவிழாவுல ஊரே எறங்கி அள்ளுது, அது அவங்க உரிமை, அதுல குறை சொல்ல நமக்கு வாயில்ல.

இன்னொண்ணு. ரெண்டாம் வருசம் வாங்குன பைய ஏதோ தோணி வாளியில ஊத்திப் பாத்தோம், மீசையோட கருப்புக் குஞ்சு பத்துப் பதினஞ்சு கெடந்துச்சு. ஆப்பிரிக்கன் கெளுத்தி. 2000-லயே நாட்டுல தடை பண்ணுன மீனு, இருக்கிற நாட்டு மீனையெல்லாம் தின்னு தீத்துரும். பொறுக்கி எடுத்துட்டோம், ஆனா மொத வருசம் பாக்காமயே அவுத்து விட்டோமே, அது இன்னும் மனசுல உறுத்துது.

ட்ரவுட்ங்கிற குளுந்த ஆத்து மீனப் புடிக்கிறவங்க இந்த வாக்குவாதத்த நமக்கு முன்னாடியே நடத்திட்டாங்க. நம்ம வைகை அணை தெறந்த அதே 1959-ல அமெரிக்காவுல மிச்சிகன்ல அவ்சேபிள் ஆத்தங்கரையில கொஞ்சம் தூண்டில்காரங்க கூடி ட்ரவுட் அன்லிமிடெட்னு ஆரம்பிச்சாங்க, பண்ணைக் குஞ்சக் கொட்டுறத விட ஆத்த நல்லா வெச்சிருந்தா மீன் தானா பெருகும்ங்கிறது அவங்க வாதம். மொன்டானா மாநிலத்துல மேடிசன் ஆத்துல குஞ்சு விடாம இருந்து பாத்தப்ப காட்டு ட்ரவுட் கூடுச்சு, 1974-ல காட்டு ட்ரவுட் இருக்கிற ஆறுகள்ல குஞ்சு விடுறதையே நிறுத்திட்டாங்க. (ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில 1907-ல பொரிப்பகம் வெச்சது வேற கதை, அங்க ட்ரவுட்டே கப்பல்ல வந்த மீனு, மொதல்ல விட்டுத்தான் ஆகணும்.) ட்ரவுட் கூழாங்கல்லத் தோண்டி முட்டைய வெச்சு மூடும், மேல வண்டல் படிஞ்சா முட்டைக்கு மூச்சு முட்டிரும். அதனாலதான் அவங்க கரையில மரம் நடுறதும் மண்ணு சரியாமப் பாக்குறதுமா இருக்காங்க. நமக்கு அந்தக் கூழாங்கல்லு எதுன்னா அயிரைக்கு மணலு. அயிரைக் குழம்புன்னா மதுரைன்னு பேரு வாங்கியாச்சு, அந்த மீனு மணல்ல பொதஞ்சு வாழுறது, மணல அள்ளிட்டு சேத்தையும் பிளாஸ்டிக்கையும் விட்டு வெச்சா அது எங்கிட்டுப் போகும்?

ஆவணி புரட்டாசியில அஞ்சு ஞாயித்துக்கிழமை, ஊராட்சியில கேட்டுக்கிட்டு ஊர்க்காரங்க பத்துப் பேரோட எறங்குனோம். வரத்துக்கால்ல ஒரு 300 மீட்டர் இருக்கும். சீமைக்கருவேலத்த வேரோட எடுத்தோம், வெட்டி மட்டும் விட்டா மறுமழைக்குத் தளுத்துரும். கிழிஞ்ச நைலான் வலை ஒண்ண இழுத்தா, அதுக்குள்ள கெளுத்தி ஒண்ணு முள்ளும் மண்டையுமா காஞ்சு அப்படியே மாட்டிக் கெடந்துச்சு. மடைக்கிட்ட பள்ளத்தையும் தூர் எடுத்தோம், கோடையிலயும் முழங்கால் தண்ணி நிக்கிற எடம் அது ஒண்ணுதான், திருவிழாவுல தப்புன மீனு அங்கதான் வித்தா கெடக்கும். கூட வந்த பெரியவர் ஒருத்தரு, "தம்பி, எங்க சின்னப் பிள்ளையில புதுத்தண்ணி வந்தன்னிக்கு இந்தக் கால்ல கெண்டை எதுத்து ஏறுற சத்தம் வீட்டுக்குக் கேக்கும்யா, கால் தூந்ததுக்கப்புறம் அது இல்ல"ன்னாரு.

ஐப்பசியில தண்ணி வந்துச்சு, மறுநாளே கெண்டை ஏறுச்சு. வாய்க்கால மறிச்சு வலை கட்ட வேணாம்னு பயலுகள்ட்ட கேட்டோம், பாதிப்பேரு கேட்டாங்க. கார்த்திகையில கோரை ஓரமா தட்டு அகலத்துக்குத் தண்ணி செவப்பா கொதிக்கிற மாதிரி இருந்துச்சு, பூராம் விரால் குஞ்சு, அடியில தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்துல தவளை லூர், அதான் தவளை மாதிரி செஞ்ச போலி இரை, போட்டா விரால் பசிக்காக இல்ல, குஞ்சக் காப்பாத்தப் பாஞ்சு கடிக்கும், எடுத்துட்டா குஞ்சு அம்புட்டும் போச்சு. நாங்க ராட மடக்கி வெச்சுட்டு உக்காந்து பாத்தோம்.

ஒரே ஒரு மழைக்காலத்த வெச்சுத்தான் சொல்றேன், போன வருசம் மழையும் நல்லாப் பெஞ்சுச்சு, எங்க வேலை எம்புட்டு மழை எம்புட்டுன்னு பிரிக்க முடியாது. ரெண்டு மூணு வருசமா காஞ்சு, மேல் கண்மாயிலயும் சொட்டுத் தண்ணி இல்லாத ஊருன்னா குஞ்சு விடாம வழியில்ல, அப்பவும் நாட்டு மீனா பாத்து, வாளியில ஊத்திப் பாத்துட்டு விடுங்க.

இந்த வருசம் அங்கிட்டு மேல இன்னொரு 200 மீட்டர். வர்றவங்க ரப்பர் செருப்புல வராதீங்க, கருவேல முள்ளு செருப்பத் துளைச்சுக்கிட்டு ஏறும், போன தடவ ரெண்டு பேருக்கு ஊசி போட வேண்டியதாப் போச்சு.