குடியை நிறுத்த ஒரு குழு தேடி: கோத்தகிரியிலிருந்து மூன்று வருட அனுபவம்

2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்காமல் இருக்க வந்த ஏற்பாடு. என் மனைவி ஒரு மாதம் காலி பாட்டில்களைக் கோணிப்பையில் சேர்த்துவைத்து, என் முன்னால் உட்கார்ந்து எண்ணினார். 57. "இவ்வளவும் இந்த ஒரு மாசத்துல நீங்க குடிச்சது" என்றார். அதுவரை குளிருக்காகக் கொஞ்சம் குடிக்கிறவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

மறுநாளே யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். அது தப்பு. இரண்டாம் நாள் கை நடுங்கி டம்ளர் நிற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு இல்லாத ஆட்களோடு பேசினேனாம். அரசு மருத்துவமனையில் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கு மருந்தும் கொடுத்தார்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் குழு. இதை மட்டும் மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் சமவெளியில் ஒரு தனியார் குடிமீட்பு மையத்தில் விசாரித்தோம். மூன்று மாதம் உள்ளேயே இருக்க வேண்டும், வீட்டார் வந்து பார்க்கக் கூடாது, முன்பணம் முழுதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். திரும்பிவிட்டோம்.

அப்புறம் தேடிப் போனது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. குடியை விட நினைக்கிறவர்கள் கூடி, தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்ளும் குழு. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உள்ளே வரலாம். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர் பத்தோ இருபதோ போடுவார். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

நான் முதலில் போனது கோயம்புத்தூரில் நடந்த கூட்டத்துக்கு. காரணம் வெட்கம். கோத்தகிரியில் நான் தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன். என்னைத் தெரியாத ஃபேக்டரி கிடையாது. மலை இறங்கினால் தெரிந்த முகம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். கூட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் போக வர ஒரு நாள் போய்விடும். மழை வந்தால், கொழுந்து அதிகம் வந்தால் போக முடியாது. ஆறாவது வாரம் போகவில்லை, ஏழாவது வாரம் குடித்தேன்.

அப்புறம்தான் குன்னூர். வாரம் இருமுறை, மாலை ஆறரைக்கு, ஒரு சர்ச் வளாகத்துச் சின்ன அறையில். எனக்குச் சொன்ன முகவரியிலிருந்து கூட்டம் ஏற்கனவே இடம் மாறியிருந்தது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அப்படியே கடைக்குப் போயிருப்பேன். கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு பெரியவர் குடையோடு வந்து கூட்டிப்போனார். கிளம்பும் முன் ஃபோன் செய்து இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாளே எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் கொழுந்து இறக்கும் ஃபேக்டரிக்காரர். எழுந்து ஓடத் தோன்றியது. அவர் "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மகள் கல்யாணத்தன்று எங்கே விழுந்து கிடந்தார் என்பதைச் சொன்னார். மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை அந்த அறைக்கு வெளியே அவரும் அதைப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நான் பயந்த அந்தத் தெரிந்த முகம்தான் என்னைக் காப்பாற்றியது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்திய இரவு, பழைய கூட்டாளிகள் வாசலில் நிற்கும்போது, அவருக்குத்தான் ஃபோன் செய்தேன். "தம்பி, நாளைக்கு என்னன்னு யோசிக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி தூங்கற வரைக்கும் பாருங்க. நான் வர்றேன்" என்றார். வந்தார். இருவரும் பன்னிரண்டு மணிவரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடவுள் பேச்சு வரும். "நாம் உணர்ந்த விதத்தில் கடவுள்" என்றுதான் சொல்வார்கள், எந்த மதமும் திணிப்பதில்லை. சிலருக்கு அதுவும் ஒட்டாது, அது நியாயம்தான்.

குறை என்று பார்த்தால், எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களிலும் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த அறைக்குள் அவர்கள் எப்படி நுழைவார்கள்? இதற்கு எங்களிடம் இன்னும் வழியில்லை. குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டமும் எங்களுக்குப் பக்கத்தில் அமையவில்லை. என் மனைவி ஃபோனில்தான் பேசுகிறார்.

இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடியை விடுவதற்காகச் சேர்ந்தாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ.வின் மரபு. அதை வைத்துப் போன வருடம் கோத்தகிரியிலேயே நான்கு பேர் சனிக்கிழமைதோறும் கூட ஆரம்பித்தோம். குன்னூருக்கு 20 கிலோமீட்டர், கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் கவலை, இரண்டும் இப்போது இல்லை.

யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446-க்குக் கூப்பிடலாம், போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனம் ரொம்ப உடைந்திருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள். போன மாதம் எங்கள் சனிக்கிழமைக்கு ஐந்தாவதாக ஒருவர் வந்தார். வாசலிலேயே கால் மணி நேரம் நின்றார். குடையை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனேன்.