ஒரிஜினலாட்டவே இருக்குமுங்க

பொங்கலுக்கு மூன்று வார லீவில் மெல்போர்னில் இருந்து ஊருக்குப் போயிருந்தேன். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய கிராமம். போன காரியம் இரண்டு: பட்டாவில் ஒரு பெயர்த் திருத்தம், அம்மாவுக்குக் கண் பரிசோதனை. இரண்டுமே சிக்கலில்லாமல் முடிந்துவிட்டதால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லேப்டாப்பில் நானே வைரஸை ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு மெயில். உங்கள் திரும்பும் விமானத்தின் நேரம் மாறியிருக்கிறது, புதிய டிக்கெட்டை இங்கே பெற்றுக்கொள்ளவும் என்று இருந்தது. எனக்கு நிஜமாகவே திரும்பும் டிக்கெட் இருந்ததுதான் வினை. விமானக் கம்பெனியின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். என் பெயர் இல்லாமல் ‘அன்பான பயணியே’ என்று தொடங்கியதும், முன்பதிவு எண்ணே இல்லாததும் அப்புறம்தான் கண்ணில் பட்டன. அந்த நேரத்தில் மடியில் அக்கா மகள், வாயில் ஒப்புட்டு. சொடுக்கிவிட்டேன். ஜிப் கோப்பு ஒன்று இறங்கியது, உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு கோப்பு. திறந்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று வந்த வேகத்தில் மறைந்தது. டிக்கெட்டைக் காணோம். ஊர் நெட் சரியில்லை போல என்று மறுபடியும் திறந்தேன். அது அநியாயப் பழி. எங்கள் ஊருக்கு வந்திருக்கும் ஃபைபர் நெட், மெல்போர்ன் வீட்டில் இருப்பதைவிட வேகம்.

பொழுதோட நண்பன் கூப்பிட்டான். “உன் மெயிலில் இருந்து எனக்கு டிக்கெட் வந்திருக்கே, என்னடா?”

முதலில் வங்கி. இங்கே இரவு எட்டரை, அங்கே விடிகாலை 2 மணி. எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அட்டைக்குப் பின்னால் போட்டிருந்த எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். அட்டையை முடக்கினார்கள். பணம் எதுவும் போயிருக்கவில்லை.

மறுநாள் கோபியில் ஒரு கடை. தம்பி லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஃபார்மேட் போட்டரலாங்ணா. ஐநூறு ரூபா. விண்டோஸ், ஆபீஸ் எல்லாஞ் சேத்து ஏத்தித் தந்தர்றன்.” ஒரிஜினலா என்று கேட்டேன்.

“ஒரிஜினலாட்டவே இருக்குமுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் மேல் கோபமில்லை, கேட்கிறவர்கள் இருப்பதால் போடுகிறார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸின் உரிமம் அந்த மெஷினோடு பதிவாகியிருக்கும். அதே விண்டோஸைத் திரும்ப நிறுவி நெட்டில் இணைத்தால் தானாகச் செல்லுபடியாகிவிடும். திருட்டுப் பதிப்பைப் பூட்டுடைக்கப் போடும் கிராக் நிரல்களிலேயே வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு வர வேண்டுமா?

மாமா பையன் சொல்லித்தான் ஈரோடு போனேன். பஸ்ஸில் கவுந்தப்பாடி தாண்டும்போது ஜன்னல் வழியே கரும்புப்பால் காயும் வாசனை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகும் ஊர். அந்தக் கவலையிலும் இறங்கி ஒரு கிலோ வாங்கலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை, இன்னும் வருத்தம்தான்.

கடை ப்ரப் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில். பேப்பரில் இப்போது மீனாட்சி சுந்தரனார் சாலை என்றாலும் ஆட்டோக்காரரிடம் ப்ரப் ரோடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்திருந்தது இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். அண்ணன் எங்கேயோ சர்வீஸுக்குப் போயிருக்கிறாராம்.

“எப்பச் சொடுக்குனீங்க? நேத்து ராத்திரி நெட்ட கட் பண்ணுனீங்களா?”

“இல்லீங்க. ஸ்கேன் ஓட்டிட்டே தூங்கிட்டேன்.”

“மெஷின நான் பாத்துக்கறன். நீங்க மொதல்ல போனுல மெயிலத் தொறங்க.”

யாருமே சொல்லாதது அது. நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு திரிந்தேனே தவிர, திருட்டு நடந்தது மெயிலில் என்று உறைக்கவில்லை. எனக்கு இரட்டைச் சரிபார்ப்பு உண்டே என்றேன். “பாஸ்வேர்டு மட்டும் போறதில்லீங்ணா. நீங்க ஏற்கனவே உள்ள போய் வெச்சிருக்கற பக்கத்தோட குக்கீயவே, அதான் நீங்க உள்ள போனதுக்கு அடையாளமா பிரவுசர்ல இருக்கற சின்னக் கோப்பவே, எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்பறம் ஓடிபியே கேக்காது. பூட்ட மாத்துனாப் பத்தாது, உள்ள உக்காந்திருக்கறவன வெளிய அனுப்போணும்.” எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறும் பொத்தானைக் காட்டினார். அதற்குப் பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர் பக்கம். அங்கே நான் போடாத ஒரு விதி இருந்தது: வங்கி என்ற சொல் வரும் மெயிலெல்லாம் நேராகக் குப்பைக்கு. வயிற்றைக் கலக்கியது. அழித்தோம்.

பாஸ்வேர்டை மாற்றப் போனால் ஓடிபி என் ஆஸ்திரேலிய எண்ணுக்கு. அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். அப்பாவைக் கூப்பிட்டு, அம்மாவின் போனைத் திறந்து சிம் போடச் சொன்னேன். ஊக்கால் குத்தித் தட்டை இழுத்ததை அவரே நேர்முக வர்ணனையாகச் சொன்னார். மெசேஜ் வந்தது.

“ஏங்கண்ணு, இத யாருகிட்டயுஞ் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குது.”

“நான்தானுங்கப்பா கேக்கறேன்.”

“நீதான் பேசறியா?”

கடையில் நின்றுகொண்டு அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊர்ப் பெயரைச் சொல்லி நிரூபித்தேன். அப்புறம் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார், ஏழா ஒன்றா என்று ஒரு இடத்தில் நின்று. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

லேப்டாப்புக்கு வருவோம். பென் டிரைவ் வழியாகத் துவக்கி, போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி டிஸ்க்குக்கு எடுத்தார். அந்தக் கோப்பையும் காட்டினார். கோப்பு வகையைக் காட்டும் குறியைத் தட்டியதும், பிடிஎஃப் என்று முடிந்த பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் முளைத்தது: இஎக்ஸ்இ. படிக்கிற ஆவணம் இல்லை, ஓடுகிற நிரல். விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்துத்தான் வைக்கிறது. அதைத்தான் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் இரண்டு பிடிபட்டன, இருந்தாலும் நம்ப முடியாது என்று முழுசாக அழித்து விண்டோஸை நிறுவினார். காசு போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்திருக்க வேண்டும் என்றார். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

குறை ஒன்று உண்டு. என் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்டு, ஸ்டிக்கரில் எழுதி, லேப்டாப் மேலேயே ஒட்டினார். அலமாரியில் இருந்த மற்ற லேப்டாப்களிலும் அப்படியே. இவ்வளவு விவரம் தெரிந்தவர் இதைச் செய்யலாமா என்று கேட்டேவிட்டேன். “அண்ணன் வந்தாத் தெரியோணுமில்லீங்” என்றார், ஆனால் என்னுடையதைப் பிய்த்துக் கசக்கிப் போட்டார்.

மூன்றரை மணி நேரம், 800 ரூபாய், பில்லோடு. கீபோர்டில் இருந்த ஒப்புட்டுத் துணுக்கை பிரஷ்ஷால் தட்டியதற்குக் காசு வாங்கவில்லை. மெல்போர்னில் போன வருஷம் ஒரு கடையில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கே 90 டாலர் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனபோது ராத்திரி ஆகிவிட்டது. தினசரிக் காலண்டரில் இருந்து கிழித்த தாளின் பின்புறம், பால் கணக்குக்குக் கீழே, அந்த ஆறு எண்களையும் அப்பா குறித்து வைத்திருந்தார். சுற்றி ஒரு கட்டம் வேறு.

“பத்தரமா இருக்கட்டும். அடுத்த தடவ வர்றப்ப வேணுமில்ல?”