திறக்க மறுக்கும் மின்னஞ்சல் இணைப்புகளும் லிப்ரே ஒபிஸும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நான் நடத்திவரும் தட்டச்சு, மொழிபெயர்ப்பு நிலையத்துக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஏதாவதொரு கோப்பைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, காணி உறுதியின் பிரதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நிரப்பி அனுப்பும் விண்ணப்பப் படிவம் என்று அவை பலவகைப்படும். அவற்றை எந்த மென்பொருளில், எந்த ஆண்டில், எந்த எழுத்துருவில் தயாரித்தார்கள் என்பது அனுப்பியவருக்கே பல நேரங்களில் தெரியாது. இணைப்பைச் சொடுக்கினால் 'இந்தக் கோப்பை எதனால் திறப்பது' என்று கணினி திருப்பிக் கேட்கும். அல்லது கோப்பு பழுதடைந்துவிட்டதாகச் சொல்லும். வாடிக்கையாளர் எதிரில் அமர்ந்திருக்க, திரையைப் பார்த்தபடி கையைப் பிசைந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நிலையத்தின் மூன்று கணினிகளிலும் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பை நிறுவினேன். திறக்காத இணைப்புகளைத் திறப்பதில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஓப்பன் ஒபிஸ் என்ற இன்னோர் இலவசத் தொகுப்பிலிருந்து 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரிந்து, த டொக்கியுமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வளர்ந்துவரும் மென்பொருள் இது. பணம் கட்டத் தேவையில்லை. ஓர் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சந்தாவும் இல்லை. விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு ஏறத்தாழ 350 மெகாபைட் வரும். நிறுவும்போது மொழித் தெரிவில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், என்னிடம் வேலை செய்யும் இருவரும் அவரவர் மொழியிலேயே பட்டிகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் உண்மையான பெறுமதியை நான் உணர்ந்தது ஒரு நினைவு மலரால். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு வெளியிட்ட நினைவு மலரில் சில திருத்தங்கள் செய்து, ஆண்டுத் திவசத்துக்கு மறுபடியும் அச்சிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மலரின் மூலக் கோப்பைக் கனடாவிலிருந்து மகன் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். "பிள்ளை, வீட்டுக் கொம்பியூட்டரிலை இது திறபடுகுதே இல்லை. இஞ்சை ஒருக்காப் பாருங்கோ" என்று கைப்பேசியை நீட்டினார். கோப்பின் பெயர் 'பப்' என்ற நீட்சியில், அதாவது கோப்பின் வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளில், முடிந்திருந்தது. அது பக்கங்களை வடிவமைக்கும் மைக்ரோசொப்ட் பப்ளிஷரில் செய்த கோப்பு. வேர்ட் அதைத் திறக்காது. பப்ளிஷர் இல்லாத கணினியில் அதற்கு வேறு வழியும் குறைவு. 2026 ஒக்டோபருக்குப் பிறகு பப்ளிஷருக்கு ஆதரவளிக்கப் போவதில்லை என்று மைக்ரோசொப்ட் அறிவித்துவிட்டபடியால், அச்சகங்களிலும் வீடுகளிலும் இந்த நீட்சியோடு கிடக்கும் அழைப்பிதழ்களையும் மலர்களையும் திறந்து வேறு வடிவத்துக்கு மாற்றிவைக்க வேண்டிய அவசரம் பலருக்கு இருக்கிறது. லிப்ரே ஒபிஸின் டிரோ என்ற பகுதி 2013ஆம் ஆண்டின் 4.0 பதிப்பிலிருந்தே பப்ளிஷர் கோப்புகளைத் திறக்கிறது.

அன்றும் திறந்தது. கணவரின் படம் சரியான இடத்தில், கறுப்புக் கரையோடு வந்தது. ஆனால் படத்தின் கீழே இருக்க வேண்டிய தமிழ் வரிகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நின்றன. அம்மாவின் முகம் வாடிவிட்டது. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தக் கோலம் பார்த்தவுடனேயே விளங்கும். அது பாமினி. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) பரவலாவதற்கு முன்னர் நம் நாட்டின் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பெருமளவில் பயன்படுத்திய எழுத்துரு அது. அதில் தட்டச்சு செய்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகின்றன. எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு எழுத்துகளாகவும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேலுள்ள புள்ளி. ஆகவே கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் லிப்ரே ஒபிஸ் செய்யும் ஒரு சின்னக் காரியத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எழுத்தின்மீது சுட்டியை வைத்தால், மேலே எழுத்துருப் பெட்டியில் மூல எழுத்துருவின் பெயர் மாறாமல் நிற்கும். அது கணினியில் இல்லையென்றால் பெயர் சாய்வெழுத்தில் தெரியும். எதைத் தேட வேண்டும் என்பது அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. பாமினியை நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தபோது, 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு முழுமையாக வந்து நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. திரைக்கு அருகே குனிந்து முதல் வரியை வாய்விட்டு வாசித்தார்.

ஆனாலும் வரிகள் சற்று இறங்கியிருந்தன. ஒரு தேவாரத்தின் கடைசி அடி பெட்டிக்கு வெளியே போயிருந்தது. அவற்றைச் சீர்செய்ய எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. பக்க அமைப்பு அச்சொட்டாக வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வேர்ட் கோப்புகளில், அதுவும் அட்டவணைக்குள் அட்டவணை வைத்த அரச படிவங்களில், இந்த இடப்பெயர்வு இன்னும் அதிகம். வாசிக்கவும் மொழிபெயர்க்கவும் அது தடையில்லை. அதே படிவத்தை நிரப்பி அலுவலகம் ஒன்றுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமானால், நான் இன்றுவரை வேர்ட் உள்ள கணினிக்கே போகிறேன்.

பழுதடைந்த கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேர்டின் டொக்எக்ஸ் என்ற வடிவம் உண்மையில் பல சிறு கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய பொதி. பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் அந்தப் பொதியின் கடைப்பகுதி இல்லாமல் போய்விடும்; வேர்ட் அதைத் திறக்க மறுக்கலாம். லிப்ரே ஒபிஸ் 'கோப்புப் பழுதடைந்துள்ளது, சீர்செய்து பார்க்கவா' என்று கேட்கிறது. ஆம் என்றால் கிடைத்தவரை மீட்டுத் தரும். எனக்கு இரண்டு முறை முழு உரையும் கிடைத்தது. ஒரு முறை ஒன்றுமே கிடைக்கவில்லை. இந்த வசதியை நாடுவதற்கு முன்னர், மின்னஞ்சலில் காட்டும் அளவையும் கணினியில் இறங்கிய கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மறுபடி பதிவிறக்கினாலே போதும். மின்னஞ்சலுக்குள் இருந்தபடியே இணைப்பைச் சொடுக்கித் திறந்து திருத்துவதையும் கைவிடுங்கள். அப்படித் திறப்பது பெரும்பாலும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் கிடக்கும் பிரதி, அதில் செய்த வேலை பின்னர் தேடினாலும் அகப்படாது. முதலில் சேமித்து, பிறகு திறப்பதே முறை.

பீடிஎப் கோப்புகளையும் டிரோ திறக்கும் என்று சொல்லப்படுகிறது. திறக்கிறதுதான், ஆனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்துவிடுவதால் தமிழ் உரை பல இடங்களில் சிதைந்து தெரிகிறது. வாசிப்பதற்கு இணைய உலாவியே போதும். ஐபோனில் எடுத்த படங்கள் 2017ஆம் ஆண்டிலிருந்து ஹெயிக் என்ற வடிவில் வருவதால் விண்டோஸில் திறக்காமல் போவது இன்னொரு கதை. அதற்கு மைக்ரோசொப்ட் ஸ்டோரில் கிடைக்கும் துணை மென்பொருளை நிறுவ வேண்டும், அல்லது படத்தை ஜேபெக் வடிவில் அனுப்பச் சொல்ல வேண்டும். 'வின்மெயில்' என்ற பெயரோடு 'டாட்' நீட்சியில் வரும் இணைப்புக்கும் லிப்ரே ஒபிஸில் மருந்து இல்லை. அனுப்பியவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் முறையில் எழுதியிருப்பார். உண்மையான கோப்பு அந்தப் பொதிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அவரை எச்டிஎம்எல் முறைக்கு மாற்றி மீண்டும் அனுப்பச் சொல்வதே சுலபமான வழி.

திறக்கக் கூடாத இணைப்புகளும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எதையும் திறந்துவிடலாம் என்ற துணிவு வந்தபின்னர்தான் ஆபத்தும் நெருங்குகிறது. விண்டோஸ் இயல்பாகவே கோப்புகளின் நீட்சியை மறைத்துவைக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகமெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல் சாதாரண உரைக்கோப்புப் போலப் பலருடைய கண்ணுக்குத் தெரிந்ததும் இந்த மறைப்பினால்தான். அதன் பெயரின் கடைசியில் இருந்த உண்மையான நீட்சி அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகையால் கோப்புறைப் பார்வையில் நீட்சிகளைக் காட்டும் தெரிவை இன்றே இயக்கிவையுங்கள். மேக்ரோ எனப்படும், தானாக இயங்கக்கூடிய சிறு நிரல்கள் உள்ள ஆவணங்களை லிப்ரே ஒபிஸ் இயல்பான அமைப்பிலேயே தடுத்துவைப்பது நல்ல காரியம். என் நிலையத்தில் அந்த அமைப்பைத் தளர்த்த யாரையும் நான் அனுமதிப்பதில்லை. அறிமுகமில்லாதவரிடமிருந்து 'விலைச்சிட்டை' என்று வரும் இணைப்பு திறக்கவில்லையானால், அதைத் திறக்கவைக்க முயலாமல், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்பதே எங்கள் வழக்கம்.

வேகத்தைப் பொறுத்தவரை, நான்கு ஜிகாபைட் நினைவகம் கொண்ட எங்கள் பழைய கணினியில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கிறது. மற்ற இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நான் அனுப்பும் இணைப்புகள் மற்றவர்களிடம் திறக்காமல் போகக் கூடாது என்பதற்காக ஒரு பழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். கோப்பின் பண்புகளில் எழுத்துரு என்ற பக்கத்தில், எழுத்துருவை ஆவணத்துக்குள் பதித்துவைக்கும் தெரிவு ஒன்று உள்ளது. அதைக் குறியிட்டு டொக்எக்ஸ் ஆகச் சேமிக்கிறேன்; கூடவே ஒரு பீடிஎப் பிரதியையும் வைக்கிறேன். ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைட் என்பதால், படங்கள் நிறைந்த மலர்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி இணைய முகவரியை அனுப்புகிறேன். கொட்டாஞ்சேனை அம்மாவின் மலரையும் அப்படித்தான் அனுப்பினேன். பாமினியில் இருந்த வரிகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து அனுப்பிய அன்றிரவே, தன்னுடைய கணினியில் எந்த எழுத்துருவும் நிறுவாமல் அது திறந்ததாக மகன் கனடாவிலிருந்து பதில் எழுதியிருந்தார்.