பல்லுக்குக் கிளிப் போடப் பணமில்லாத வீடு: 'தி சிம்ப்சன்ஸ்' நான்காவது சீசன்

அணுமின் நிலையத் தொழிலாளர்கள் இலவச பீருக்காக முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒப்பந்தத்தில் இருந்த பல் மருத்துவக் காப்பீட்டை விட்டுக்கொடுத்தால் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பீப்பாய் பீர் தருவதாக முதலாளி பர்ன்ஸ் சொல்லியிருக்கிறார். எல்லோரும் மகிழ்ச்சியோடு சம்மதித்துவிட்டார்கள். வரிசையில் நிற்கும் ஹோமர் சிம்ப்சனின் காதில் 'பல் காப்பீடு' என்ற நண்பனின் குரலும், 'லிசாவுக்குக் கிளிப் போட வேண்டும்' என்று மனைவி மார்ஜ் முன்பு மகளைப் பற்றிச் சொன்னதும் மாறி மாறி ஒலிக்கின்றன. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவனுக்குப் பிடிபடவில்லை. பார்ப்பவருக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்ட ஒன்று ஹோமரின் மண்டைக்குள் இறங்குவதற்கு எத்தனை சுற்று தேவைப்படுகிறது என்பதுதான் நகைச்சுவை. முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும், அந்த எரிச்சலே கடைசியில் பெரிய சிரிப்பாக மாறும்.

1992 செப்டம்பர் 24 முதல் 1993 மே 13 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 22 அத்தியாயங்களாக ஒளிபரப்பான 'தி சிம்ப்சன்ஸ்' அனிமேஷன் தொடரின் நான்காவது சீசனை, இரவு உணவுக்குப் பிறகு இரண்டிரண்டு அத்தியாயங்களாக மறுபடியும் பார்த்து முடித்தேன். மேட் க்ரேனிங் உருவாக்கிய இத்தொடரை இந்தச் சீசனில் அல் ஜீனும் மைக் ரீஸும் தலைமை ஏற்று நடத்தினார்கள். மரியாதை கெட்ட, துடுக்கான, பெரியவர் சின்னவர் பாராத குடும்பம் என்றே இந்தக் குடும்பத்துக்குப் பெயர்; அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் இம்முறை என் கண்ணில் பட்டது வேறொன்று. இந்தக் குடும்பத்தின் கோணல்களில் பெரும்பகுதி கையில் காசு இல்லாததால் வருபவை. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் ஒரு வீட்டில் ஒரு பல் கோணலாக முளைத்தால், அஸ்திவாரம் ஓர் அங்குலம் இறங்கினால், இதயக் குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்பதையே இந்தச் சீசன் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சீசன் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1992 ஜனவரியில், அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், நம் நாட்டுக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைப் போல இல்லாமல் வால்டன்ஸைப் போல இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினார். வால்டன்ஸ் என்பது 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஒற்றுமையாக வாழ்ந்த ஒரு கிராமத்துக் குடும்பத்தைப் பற்றிய பழைய தொலைக்காட்சித் தொடர். சில நாட்களிலேயே சிம்ப்சன்ஸ் பதில் கொடுத்தது: நாங்களும் வால்டன்ஸைப் போலத்தான், மந்தம் தீரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்றான் ஹோமரின் மகன் பார்ட். துடுக்கான பதில்தான், ஆனால் நான்காவது சீசனுக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடையாது.

'ஹோமர்ஸ் டிரிபிள் பைபாஸ்' அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கு 30,000 டாலர் ஆகும் என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் ஹோமருக்கு இன்னொரு முறை நெஞ்சைப் பிடிக்கிறது. மருத்துவர் அதே குரலில், இப்போது 40,000 ஆகிவிட்டது என்கிறார். தனியார் மருத்துவமனையின் பில் கவுன்டர் முன்பு ஒரு முறையேனும் நின்றவருக்கு இந்த நகைச்சுவையை விளக்க வேண்டியதில்லை. கடைசியில், எந்த அறுவை சிகிச்சையும் 129 டாலர் 95 சென்டுக்குச் செய்து தருவதாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் டாக்டர் நிக்கிடம் போகிறார்கள். அவருக்கு இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேல் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எட்டு வயது லிசாதான் வழி சொல்லிக் கொடுக்கிறாள்.

அதே அத்தியாயத்தில், அறுவைக்கு முன்பு பிள்ளைகளிடம் கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹோமர் முயல்கிறான், வார்த்தை வரவில்லை. லிசா அப்பாவின் காதில் கிசுகிசுக்க, அவன் அதை அப்படியே பார்ட்டுக்கு அறிவுரையாகச் சொல்கிறான். பிறகு பார்ட் கிசுகிசுக்க, ஹோமர் லிசாவிடம் அவள் தத்துப் பிள்ளை, தனக்கு அவளைப் பிடிக்காது என்று பாதி வரை சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் பார்ட்டை அதட்டுகிறான். பார்ட் மறுபடி காதருகே குனிகிறான்; உன்னை நேசிக்கும், எப்போதும் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவன் உனக்கு இருக்கிறான் என்று ஹோமரின் வாய் வழியாகவே அந்த வாக்கியம் முடிகிறது. அரை நிமிடக் காட்சி. கேலியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

வீடு சாய்ந்து அஸ்திவாரத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் மார்ஜ் வேலைக்குப் போவதும், தான் அழகில்லை என்று அழும் மகளை அழகிப் போட்டியில் சேர்க்க வேண்டிய 250 டாலருக்காக, வாழ்நாள் கனவான வான்கப்பல் பயணச் சீட்டை ஹோமர் விற்பதும் இதே கணக்கில் சேரும். 'மிஸ்டர் ப்ளவ்'வில் காரை நொறுக்கிவிட்டு, பனி வாரும் லாரி ஒன்றைத் தவணையில் வாங்கும் ஹோமர், தவணை கட்டுவதற்காகவே தொழிலில் இறங்குகிறான்; உயிர் நண்பன் பார்னியே போட்டியாளனாக முளைக்கிறான். ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டாவுக்கு இந்த அத்தியாயத்துக்காக எம்மி விருது கிடைத்தது.

வீட்டுக் கணக்கு ஊர்க் கணக்காகும் இடம், கோனன் ஓ'பிரையன் எழுதிய 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரெயில்'. அணுக்கழிவை ஊருக்குள் கொட்டிய பர்ன்ஸுக்கு 30 லட்சம் டாலர் அபராதம் விழுகிறது. அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று ஊர்க் கூட்டம் கூடுகிறது. குண்டும் குழியுமான கடைத்தெருவைச் சரிசெய்யலாம் என்று மார்ஜ் சொல்ல, ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நேரத்தில், தொப்பி அணிந்த ஒருவன் பின்வரிசையிலிருந்து எழுந்து, பாட்டுப் பாடியே மோனோரயிலை விற்றுவிட்டுப் போகிறான். சென்னைக்கு மோனோரயில் வரப்போகிறது என்று ஆண்டுக்கணக்காகச் செய்தித்தாளில் படித்து, கடைசிவரை ஒரு தூணைக்கூடப் பார்க்காதவனுக்கு இந்தக் காட்சி கூடுதலாக இனிக்கும். ஆனால் எனக்கு அந்தப் பாட்டைவிடப் பிடித்தது வகுப்பறைக் காட்சி. இவ்வளவு சிறிய ஊருக்கு மோனோரயில் எதற்கு என்று லிசா கேட்கிறாள். அதற்கு அந்த விற்பனையாளன் பதில் சொல்வதில்லை. பதில் சொன்னாலும் உனக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும் என்கிறான். ஊரிலேயே புத்திசாலியான சிறுமி வெட்கத்தோடு சிரித்து உட்கார்ந்துவிடுகிறாள். முட்டாள்களை ஏமாற்றப் பாட்டு போதும், அறிவாளியை ஏமாற்றப் பாராட்டு வேண்டும் என்பதை இருபது விநாடியில் காட்டிவிடுகிறார்கள்.

மதத்தையும் விட்டுவைக்கவில்லை. 'ஹோமர் தி ஹெரெடிக்' அத்தியாயத்தில், குளிர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிடும் ஹோமர், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த காலைப்பொழுதை அனுபவிக்கிறான். கனவில் வரும் கடவுளும் அவன் பேச்சில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். எங்கே இடிக்கிறது என்றால், இந்தியக் கடைக்காரன் அபு வரும் இடங்களில். அபுவின் கடையில் இருக்கும் பிள்ளையாருக்கு ஹோமர் வேர்க்கடலை நீட்டும் காட்சியில் கேலிக்கு ஆளாவது ஹோமரின் அறியாமைதான், பிள்ளையார் அல்ல. இந்துக்கள் எழுபது கோடிப் பேர் இருக்கிறோம் என்று அபு பாதிரியாரிடம் சொல்லும் பதிலும் அவன் பக்கமே நிற்கிறது. ஆனால் அந்த வசனங்களை வெள்ளைக்காரரான ஹேங்க் அசாரியா பேசும் உச்சரிப்பு என் காதில் இன்றும் உறுத்துகிறது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் அந்தக் குரலாலேயே கேலி செய்யப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2020இல் அசாரியா அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகிக்கொண்டார். அதே சமயம், 'மார்ஜ் இன் செயின்ஸ்' அத்தியாயத்தில், பை என்ற எண்ணை 40,000 தசம இடங்கள் வரை தன்னால் ஒப்பிக்க முடியும், கடைசி இலக்கம் ஒன்று என்று அபு நீதிமன்றத்தில் சொல்வது உண்மையிலேயே சரி. எழுத்தாளர்கள் நாசா கணிதவியலாளர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதினார்கள். ஒரு வரி நகைச்சுவைக்காக இவ்வளவு மெனக்கெடல்.

பணக் கணக்கில் அடங்காத இன்னொரு அத்தியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'ஐ லவ் லிசா'வில், காதலர் தினத்தன்று வகுப்பில் யாரும் வாழ்த்து அட்டை தராத ரால்ஃப் மீது இரக்கப்பட்டு லிசா ஒன்றைக் கொடுக்கிறாள். அவன் அதைக் காதல் என்று நம்பிவிடுகிறான். தொலைக்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் அவள் அவனை உதறித் தள்ளியதை, பார்ட் பிறகு வீடியோவில் ஓட்டி நிறுத்தி, இதோ இந்த நொடியில்தான் இவன் இதயம் இரண்டாகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறான். இதைவிட இரக்கமற்ற நகைச்சுவையை நான் பார்த்ததில்லை, பார்த்தபோதெல்லாம் சிரித்துமிருக்கிறேன்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல் 1ஆம் தேதிக்கென்று பழைய காட்சிகளை ஒட்டுப்போட்டு எடுத்த அத்தியாயம் நேரத்தை நிரப்பும் வேலை மட்டுமே. கடைசி அத்தியாயத்தில் எலிசபெத் டெய்லர் முதல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் வரை பிரபலங்கள் வரிசையாக வந்து போகிறார்கள். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி பழக்கமில்லாதவருக்குப் பாதி நகைச்சுவை தலைக்கு மேலே போகும். அந்த எலிசபெத் டெய்லரை 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வர்ட்' அத்தியாயம் பயன்படுத்திய விதமே சிறந்தது: பிள்ளைகள் பேசவே கற்றுக்கொள்ளாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு ஹோமர் விளக்கை அணைத்துப் போனபின், தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை மேகி வாயிலிருந்து சூப்பானை எடுத்துவிட்டு 'டாடி' என்கிறாள். மேகிக்குக் குரல் கொடுத்த உலகப் புகழ்பெற்ற நடிகைக்கு அந்த அத்தியாயத்தில் அந்த ஒரே சொல்தான்.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. டிஸ்னி பிளஸ் தளம் 2019இல் தொடங்கியபோது, சதுரத்துக்கு நெருக்கமான பழைய சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்கேற்ப மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2020 மே மாதத்தில் பழைய வடிவிலும் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். இந்தச் சீசனின் 'டஃப்லெஸ்' அத்தியாயத்தில், பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கும் ஹோமருக்கு முன்னால் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தனித்தனித் தொட்டிகள் நிற்கின்றன; மூன்றுக்கும் மேலேயிருந்து ஒரே குழாய்தான் இறங்குகிறது. அகலத் திரை வடிவில் அந்தக் குழாய் வெட்டுப்பட்டுப் போகிறது. அமைப்பில் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அல்லது 2004இல் வெளியான டிவிடி தொகுப்பு கிடைத்தால் அதை வாங்கி, 'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற பல் காப்பீட்டு அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.