விரல்நுனிச் சொட்டா, நம்பிக்கை மையமா?

கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். உரிய மருந்து கிடைத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. எங்கே செய்துகொள்வது என்பதுதான் கேள்வி. குமரி மாவட்டத்துப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம்), தனியார் மருத்துவமனை என மூன்று வழிகள் உண்டு.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலம் அருகாமை. ஹீமோகுளோபின் பார்க்கக் குத்தும்போதே இன்னொரு சொட்டு; அரை மணி நேரத்துக்குள் முடிவு. பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து வரும் காணிப் பழங்குடிப் பெண்ணை இதற்காக இன்னொரு நாள் நாகர்கோவிலுக்கு வரச் சொன்னால் வரமாட்டாள். எச்.ஐ.வி.யையும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயையும் சேர்த்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்த சோதனைப் பட்டையும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் உதவும்.

ஆனால் ஆலோசனை? பெஞ்சில் இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் அடுத்த வீட்டுக்காரி. “எல்லோருக்கும் எடுக்கிற ரத்தம்தான், கையை நீட்டு மக்களே” என்பதோடு பல இடங்களில் ஆலோசனை முடிந்துவிடுகிறது. வேண்டாம் என்று மறுக்கவும் அவளுக்கு உரிமை இருப்பதை யார் சொல்கிறார்கள்? தவிர, விரல்நுனிச் சோதனையில் தொற்றைக் காட்டும் கோடு விழுந்தால் அது சந்தேகம் மட்டுமே, முடிவு அல்ல. தொற்று குறைவான இடத்தில், எவ்வளவு நல்ல கருவியானாலும், விழும் கோடுகளில் கணிசமானவை பொய்யாகப் போகும்.

உறுதிப்படுத்துவது நம்பிக்கை மையம். வெவ்வேறு வகையான மூன்று கருவிகளால் பார்ப்பார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேச ஆலோசகர் இருப்பார். போய்வர ஒரு நாள் கூலி போகும். வாசலில் நிற்பதைப் பார்த்தாலே கதை கட்டும் கண்களும் உண்டு. அதனால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போவதில் தவறே இல்லை.

தனியார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனைப் பட்டியலில் ஒரு வரியாக எச்.ஐ.வி. வரும், கோப்பில் முடிவு வரும், பேச்சு வராது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே ரத்தம் எடுக்க வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

என் கணக்கில் முதல் சோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். சிக்கல் அதன் பிறகுதான். தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். வளைகுடாவில் இருப்பவர் விடுமுறைக்குத்தான் வருவார். மூன்றாம் மாதம் மனைவிக்குத் தொற்று இல்லை, ஐந்தாம் மாதம் கணவர் வருகிறார், அவருக்கு யாரும் சோதனை செய்யவில்லை. கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொற்றினால் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும், குழந்தைக்குப் போகும் அபாயமும் கூடும். கணவரையும் அழைத்துப் போய், கடைசி மாதங்களில் மறுபடி பார்ப்பது பற்றிக் கேட்க நம்பிக்கை மையமே சரியான இடம். ஊர் செவிலியரிடம் கேட்டால் “இப்போது எதற்கு?” என்ற கேள்வி அவளையே சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும்.

தொற்று உறுதியானால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து இலவசம். உடனே தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து, ஆறு வாரத்தில் முதல் சோதனை, பதினெட்டு மாதத்தில் இறுதிச் சோதனை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் எந்த மருத்துவமனையில் பெறப்போகிறாள் என்பதையும் வளைகாப்புக்கு முன்பே ஆலோசகரிடம் சொல்லிவைத்தால், மருந்தும் குறிப்பும் அங்கே போய்ச் சேர வழி செய்ய முடியும்.