கணீரென்ற கன்ட்ரி ஒலி: டெலிகாஸ்டர் வகை கிட்டாருடன் நான்கு ஆண்டுகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையில் நான்கு ஆண்டுகளாக டெலிகாஸ்டர் வகை மின்கிட்டார் ஒன்றை வாசித்து வருகிறேன். அமெரிக்கக் கன்ட்ரி இசையில் கேட்கும் கலப்படமற்ற, கணீரென்ற ஒலிக்காகவே இதைப் பெங்களூருக்குச் சென்று வாங்கினேன். ஃபென்டர் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட இந்த வடிவத்தில், பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் பொருந்தும் அடிப்பாலத்தருகே அவற்றின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்) சற்றுச் சாய்வாக உலோகத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அந்த ஒலியின் கூர்மை பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

முதல் ஆறு மாதங்கள் டிரெபிளை, அதாவது உச்ச ஒலிகளின் அளவை, கூட்டிக்கொண்டே போனேன். ஒலி தெளியவில்லை, காதைக் குத்தியது. ஆம்பின் (ஒலிபெருக்கியின்) கெயின் எனும் உள்வரும் ஒலியின் பெருக்கத்தை மூன்றுக்கும், பாஸ் எனும் தாழ் ஒலியை நான்குக்கும் இறக்கி, டிரெபிளை ஆறிலேயே நிறுத்திய பிறகுதான் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கியது. ஆறு மீட்டர் கேபிளை மூன்று மீட்டராக மாற்றியதும் உதவியது; நீளம் கூடக்கூட உச்ச அதிர்வெண்கள் மழுங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது ஒரு சிறிய திருப்புளிதான். கழுத்துப் பலகையின் கடைசி ஃப்ரெட்டில் (உலோகக் கட்டையில்) தந்தியை அழுத்திப் பிடித்து அளந்தபோது, பிக்கப் தந்திகளுக்கு மிக அருகில் இருந்தது தெரிந்தது. தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டரும் இடைவெளி வரும்படி இறக்கினேன். அன்று மாலையே, தடித்த தந்திகளில் இருந்த முரட்டுத்தனம் அடங்கி, நாதம் நீண்டு நின்றது.

அடுத்து கம்ப்ரஸர் பெடல். ஓங்கி மீட்டும்போது திடீரென எழும் உரத்த ஒலியைத் தணித்து, அடங்கும் ஒலியைத் தூக்கிப் பிடிப்பதே அதன் வேலை. அளவு மீறினால் விரலின் உயிர்ப்பு போய்விடும் என்பதால் பாதிக்கும் கீழேயே வைத்திருக்கிறேன். ஏறத்தாழ 100 மில்லிவிநாடி இடைவெளியில் ஒரே ஒரு எதிரொலியும் சேர்த்தால் போதும்.

ஆயினும் கருவிகள் தருவது பாதிதான். பிக்கால் (மீட்டும் சிறு தகட்டால்) தடித்த தந்தியையும் நடுவிரல், மோதிர விரல்களால் மெல்லிய தந்திகளையும் ஒரே நேரத்தில் சுண்டும் முறை கைவர எனக்கு ஓராண்டு பிடித்தது. முதல் தந்தியை அசையாமல் ஒலிக்கவிட்டு, இரண்டாம் தந்தியை ஒரு முழுச் சுரம் இழுத்து ஏற்றும்போது பெடல் ஸ்டீல் கிட்டாரின் (மிதிகளால் சுரத்தை ஏற்றி இறக்கும் கிட்டாரின்) குழைவு கிடைக்கிறது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எடுப்பவர்களுக்கு இந்த விரல் உழைப்பு எளிதில் புரியும்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இது இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை இன்னும் தூக்கிக் காட்டும். எங்கள் வீட்டிலோ இரைச்சலோடு தந்தியைத் தொட்டால் சுரீரென்று மின்னதிர்வும் இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, மாடிப் பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் இட்டுப் புதிய எர்த் கொடுத்த பிறகு அதிர்வு நின்றது, இரைச்சலும் பெருமளவு தணிந்தது. எஞ்சியதை, ஆம்பிலிருந்து சற்று விலகி, கிட்டாரைத் திருப்பிப் பிடித்து உட்கார்ந்து சமாளிக்கிறேன். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிடுவதால் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வருகிறேன்.